பத்தாவது டோஸ்

நாற்பது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடியும் எண்ணினாள். முள் ஒரு சுற்று வருவதற்குள் தம்பியின் நெஞ்சு நாற்பத்திரண்டு தடவை ஏறி இறங்கியது. விடியும்போது முப்பத்திரண்டு இருந்தது. இருபத்தாறு வருஷம் சுகாதார நிலையத்தில் நர்ஸாக வேலை பார்த்தவளுக்கு இது என்ன கணக்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எண்ணிக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எவ்ளோ?" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல்.

"நல்லாத்தான் இருக்கு."

"உனக்குப் பொய் வராதுக்கா. எதுக்கு இந்த வயசுல பழகற?"

இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. அக்கா தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தாள். உயர்த்தி வைத்ததால் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பதரைக்கு வக்கீலிடமிருந்து போன் வந்தது. "ஆபீசர் கிளம்பிட்டார்மா. பதினொரு மணிக்குள்ள வந்துடுவார். அவர் முன்னாடி கைநாட்டு வெச்சாப் போதும். ஆனா ஒண்ணு, அதுவரைக்கும்..." எட்டு வருஷமாக வக்கீலும் இந்தக் கேஸோடு கிடந்து நரைத்தவர்தான்.

"புரியுது சார்," என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

தம்பி லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்தப் பெரிய கட்டிடத்தில் லிப்ட் பாதியில் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் குடியிருந்ததோ லிப்ட்டே இல்லாத கட்டிடத்தின் நாலாவது மாடியில். "டாக்டருக்குத் தலைவலி வர்றதில்லையா, அந்த மாதிரிதான்," என்று சொல்லிச் சிரிப்பான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடுப்பூசி போட்டுக்கொண்டான். பதினோராம் நாள் காலையில் காலில் செருப்பு நிற்கவில்லை. அடுத்த வாரம் காலே நிற்கவில்லை. அப்புறம் கையும் தளர்ந்து, ஸ்க்ரூடிரைவர் பிடித்த விரல்களுக்குள் பேனாவைச் செருகினாலும் நழுவி விழ ஆரம்பித்தது.

நரம்பு டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். ஊசியால் வந்திருக்கலாம் என்றார்கள். அதற்கு முந்தின வாரம் அவனுக்கு இருந்த வயிற்றுப்போக்கால் வந்திருக்கலாம் என்றார்கள். இன்ன காரணம் என்று இல்லாமலே சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றும் சொன்னார்கள். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நஷ்ட ஈட்டு வாரியம் என்று ஒன்று இருப்பதே அந்தத் தாளோடு அலைந்தபோதுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது. வாரியம் ஒரு சான்றிதழ் கேட்கும். வாங்கிக் கொடுத்தால், அதற்கு முந்தின சான்றிதழ் எங்கே என்று கேட்கும். மருத்துவக் குழு பார்க்க வேண்டுமென்று ஆறு தடவை கூப்பிட்டார்கள். ஆறு தடவையும் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் சுற்றிக் கட்டி, பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் நாலு மாடி இறக்கினார்கள், ஏற்றினார்கள். "மெதுவா இறக்குங்கப்பா, ஓவர்லோடு," என்பான். அவன் அப்போது நாற்பத்தெட்டு கிலோ.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. வாரியம் சமரசத்துக்குச் சம்மதித்துவிட்டது. மனைவி உயிரோடு இருக்கிற காலம் வரை மாதாமாதம் ஒரு தொகை, பெண்ணின் படிப்பு முடியும்வரை அதன் செலவு. துணி பாக்கிங் கம்பெனியில் நின்றே வேலை செய்து கால் நரம்பு சுருண்டுபோன தம்பி மனைவிக்கும், எட்டாவது படிக்கிற பெண்ணுக்கும் இனி ஒரு பிடிமானம். ஆனால் விண்ணப்பதாரர் உயிரோடு இருக்கும்போது, வாரிய அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதற்கு முன் அவர் இறந்துவிட்டால் கோப்பு மூடப்படும். வாரிசுகள் மரணத்துக்குத் தனியாக, முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

கடிதம் வந்த அன்றே தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அந்த வரியப் படி," என்றான் தம்பி இப்போது.

"எந்த வரி?"

"உனக்குத் தெரியும்."

சமரசப் பத்திரத்தின் நகல் அலமாரி மேல் இருந்தது. தம்பி மனைவி அதைத் தொடவே மாட்டேன் என்றிருந்தாள். முதல்நாள் படித்தபோதே கத்திவிட்டாள்: "எட்டு வருஷம் நாயா அலைஞ்சிட்டு, கடைசியில நாமளே இல்லன்னு எழுதிக் குடுக்கணுமா?" இப்போது அவள் அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "எனக்கு ஏற்பட்ட உடல்நலக் குறைவுக்கு மேற்படி தடுப்பூசியே காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்."

"இன்னொரு வாட்டி."

"எதுக்குடா?"

"படியேன்."

படித்தாள். மனப்பூர்வமாக என்ற இடத்தில் குரல் பிசிறியது.

"கேட்டுதா?" என்றான் தம்பி. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். உதட்டோரம் அந்தப் பழைய கிண்டல் இருந்தது. "கவர்ன்மென்ட்டே சொல்லிடுச்சு. இனிமேலாவது ஒழுங்காத் தூங்கு."

"வாயை மூடிட்டுப் படுடா," என்றாள் அக்கா. நோயாளி முன்னால் அழக்கூடாது என்பதுதான் வேலையில் அவள் கற்ற முதல் பாடம். கட்டில் கம்பியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். அது ஏற்கெனவே மடித்த துண்டு.

அவளைத் தூங்கவிடாத சமாசாரம் இதுதான். அந்த ஊசி மருந்து ஒரு சின்னக் குப்பியில் வரும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். அன்றைக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். அக்காவுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. சோப்பு கரைந்து சிப்பி மாதிரி ஆனாலும் புது சோப்பின் முதுகில் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தீர்க்கிற ஜாதி. வெளியே எட்டிப் பார்த்தாள், ஊசிக்கு வேறு யாரும் வரவில்லை. தம்பிக்கு அன்று வார விடுமுறை. போன் செய்தாள். எடுத்தது தம்பி மனைவி.

"ஒரே ஒரு டோஸ் மிச்சம் இருக்கு. பன்னெண்டுக்குள்ள அவனை வரச் சொல்லு. இல்லன்னா வீணாப் போயிடும்."

தம்பி குளிக்கக்கூட இல்லாமல் பைக்கில் வந்தான். அக்கா பஞ்சால் அவன் கையைத் துடைத்தாள். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்ளோதான்," என்றாள். எல்லாருக்கும் சொல்வதுதான். அவன் "ஐயோ, கொலை, கொலை!" என்று கத்தி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சிரிக்கவைத்தான்.

அதே குப்பியில் போட்டுக்கொண்ட மற்ற ஒன்பது பேரும் நன்றாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான சலூன்காரர் போன மாதம் பேரன் பிறந்ததற்கு இனிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், விழுங்க முடியவில்லை. அந்த ஊசி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று அவளுக்குத் தெரியும். ஊசி வருவதற்கு முன்னால், அது தடுக்கிற காய்ச்சலில் ஆட்கள் செத்த வார்டில் வேலை பார்த்தவள் அவள். இன்றைக்கும் வாராவாரம் போடுகிறாள், பயப்படுகிற தாய்மார்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்கிறாள். அதுவும் தெரியும், தம்பியும் கண்முன் கிடக்கிறான். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் வேலைக்குப் போய்வந்தாள்.

விண்ணப்பத்தில் "சுகாதார நிலையத்துக்குத் தானாகச் சென்றார்" என்று இருக்கும். தம்பி சொல்லி எழுதவைத்தது. "அக்கா கூப்பிட்டான்னு எழுதினா அவளைப் போய்க் கேள்வி கேப்பாங்க. அவளுக்குப் பொய் வராது," என்றான் வக்கீலிடம். தம்பி மனைவி அன்று பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கா வந்தால் டீ போட்டு டம்ளரை மேஜையில் வைப்பாள், கையில் கொடுக்க மாட்டாள். ஒருநாள் திட்டித் தீர்த்துவிட்டால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றும். அவள் திட்டவே இல்லை.

பத்து ஐம்பதுக்கு மறுபடி போன் அடித்தது. "ஏம்மா, நான் வாரிய ஆபீசர். கீழ நிக்கறேன். இது என்ன, லிப்ட் இல்லையா?"

அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலாக ஓடியது. அவன் கண் பாதி மூடியிருந்தது. "ஆபீசர் வந்துட்டார்டா. கூட்டிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்."

"அக்கா," என்றான்.

"என்னடா?"

"ஏற மாட்டாரு. மெதுவாக் கூட்டிட்டு வா."

தம்பி மனைவி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அக்கா படியிறங்கி ஓடினாள்.

ஆபீசருக்கு ஓய்வு பெறும் வயது, கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் பட்டை. கையில் ஒரு தோல்பை. முதல் மாடி ஏறுவதற்குள்ளேயே சட்டை நனைந்துவிட்டது. அக்கா பையை வாங்கிக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் போல் இருந்தது. அவரோ ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த படிக்குப் போனார்.

"பைல்ல லிப்ட் மெக்கானிக்னு பாத்தேன்," என்றார் இரண்டாவது மாடியில் நின்று. "நாலாவது வருஷத்துல இருந்து இந்த பைல் எங்கிட்டதான்மா இருக்கு. நானே மூணு தடவ திருப்பி அனுப்பியிருக்கேன். ஒரு கையெழுத்து இல்லன்னு, ஒரு தேதி தப்புன்னு. ஆள் மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கப் போறேன்."

"கொஞ்சம் சீக்கிரம் சார்."

"வரேன்மா. வந்துட்டுத்தானே இருக்கேன்."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றபோது மேலே இருந்து சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். தம்பி மனைவியின் குரல். பிறகு ஒன்றும் இல்லை.

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் எதற்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வார்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஆபீசரும் கேட்டார். மேலே பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், தம்பி..."

"எதுவும் சொல்லாதீங்கம்மா," என்றார் அவசரமாக. "நீங்க சொன்னா நான் எழுதியாகணும்."

தோல்பையை அவளிடமிருந்து வாங்கினார். பத்திரத்தையும் ஒரு தகர மைப்பெட்டியையும் எடுத்து அவள் கையில் வைத்தார். "என்னால இதுக்கு மேல ஒரு படி ஏற முடியாது. முட்டி விட்டுப் போச்சு. நீங்க போய் வாங்கிட்டு வாங்க. வாசல்ல நின்னு பாத்தேன்னு எழுதிக்கறேன்." பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குக் காதும் சரியாக் கேக்காதும்மா. ரொம்ப நாளாவே."

அக்கா கடைசிப் பதினெட்டுப் படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

தம்பி அப்படியேதான் படுத்திருந்தான். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். உடம்பு சூடாக இருந்தது. பழக்கம் விடவில்லை, கை தானாகத் திரும்பிக் கடிகாரம் பார்த்தது. பதினொன்று பதினாறு. போய்விட்டானே என்று உள்ளுக்குள் யாரோ கத்தினார்கள். அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனாள்.

"நீங்க இறங்கிக் கொஞ்ச நேரத்துலயே போயிட்டாரு," என்றாள் தம்பி மனைவி. "எனக்குத்தான் புரியல. தூங்கறாருன்னு நினைச்சேன்." அவள் அக்கா கையிலிருந்த பத்திரத்தையும் மைப்பெட்டியையும் பார்த்தாள். "ஆபீசர் எங்க?"

"மூணாவது மாடியில உக்காந்திருக்கார். நம்மளையே வாங்கிட்டு வரச் சொல்றார்."

கீழே தெருவில் ஏதோ வண்டி பின்னால் வருகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்து கணவனின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, பெருவிரலைப் பிரித்து நீட்டிப் பிடித்தாள்.

அக்கா நகரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ரிஜிஸ்டரில் ஒரு நிமிஷம் முன்பின்னாக எழுதியதில்லை. அதுகூடப் போகட்டும். அந்த வரிக்குக் கீழே, ஊசி காரணம் என்று நிரூபணமாகவில்லை என்கிற அந்த வரிக்குக் கீழே, செத்துப்போன தம்பியின் விரலை அவளே எடுத்து அவளே வைக்க வேண்டும். உன் மேல் தப்பில்லை என்று அவனிடமிருந்து அவளே பிடுங்கி எழுதிக்கொள்கிற மாதிரி.

"என்னால முடியாதும்மா," என்றாள். "நீ வை. நீயே வெச்சிடு."

"எனக்கு எப்படி வைக்கறதுன்னு தெரியாது. இழுத்துட்டா அழிஞ்சிடும். டாக்டர் குழுகிட்ட போன ஆறு தடவையும் நீங்கதானே அவர் விரலைப் பிடிச்சு வெச்சீங்க." தம்பி மனைவியின் குரலில் கோபமே இல்லை. நிமிர்ந்து அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "வீணாப் போயிடும்னுதானே அன்னைக்குக் கூப்பிட்டீங்க அண்ணி. நான்தானே போனை எடுத்தேன், நான்தானே அவரை எழுப்பி அனுப்பினேன். இதையும் வீணாக்கிடாதீங்க."

அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் மண்டியிட்டாள். தலைமாட்டில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இருந்தன. வியர்வை இருந்தால் ரேகை படியாது. ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து அவன் பெருவிரலைச் சுற்றித் துடைத்தாள், நகக்கண் வரைக்கும். மைப்பெட்டியைத் திறந்தாள். விரலை அதன் மேல் கொண்டுபோனபோது அவள் வாய் தானாகச் சொன்னது.

"கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் பிடித்த கையை விடவில்லை. அக்கா விரலை இடமிருந்து வலமாக ஒரே உருட்டாக உருட்டி எடுத்தாள். ரேகை ஒன்று விடாமல் பதிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக விழுந்ததே இல்லை. உயிரோடு இருந்தபோது விரல் நடுங்கும்.

ஆபீசர் படியில் அதே இடத்தில் இருந்தார். பத்திரத்தை வாங்கி மடியில் தோல்பை மேல் வைத்து, பேனாவைத் திறந்தார். அவர் கையிலேயே கடிகாரம் இருந்தது.

"மணி என்னம்மா?"

அக்கா சுவரைப் பார்த்தாள். சுவரில் கரியால் யாரோ குழந்தை வரைந்த ஒரு மீன் இருந்தது.

"பதினொண்ணு," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். எழுந்திருக்க அவள் கை கொடுத்தாள். நின்றதும் ஒரு தடவை மேலே பார்த்தார். ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் தெருமுனை டாக்டரை அழைத்தார்கள். நேரம் கேட்டார். அக்கா பதினொன்றுக்கு அப்புறம் ஒரு நேரம் சொன்னாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்குள் தம்பியின் பெருவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் வைத்தும் தேய்த்தாள். விரல் வெளுத்தது, ஆனால் ரேகைகளுக்குள்ளும் நகத்தடியிலும் நீலம் அப்படியே நின்றது. உயிரோடு இருந்தால் இரண்டு நாளில் போய்விடும். இனி போகாது.

ஒரு மணிக்குப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தார்கள். அது பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. வாயைத் திறந்து அழவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவனை இறக்கி ஏற்றிய இரண்டு பேரும் வாசலில் நின்று, நாற்காலியா ஸ்ட்ரெச்சரா என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். அவனோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் வந்தார்கள். சலூன்காரரும் வந்தார்.

அக்கா இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் கையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடியிருந்தாள், பெருவிரல் உள்ளே போகும்படி. ஆள் வந்து குனிகிறபோதெல்லாம் பிடி இறுகியது.

"எவ்ளோ நேரமா இப்படியே உக்காந்திருக்கா பாரு," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. "அக்கான்னா இப்படி இருக்கணும். அம்மா, கையைக் கொஞ்சம் விடும்மா. எழுந்து ஒரு வாய் தண்ணி குடி. மயக்கம் வந்துடப் போகுது."

அக்கா தலையை ஆட்டினாள். இன்னொருத்தி அவள் விரல்களைப் பிரிக்க வந்தாள்.

"விடுங்க, அவங்க பிடிச்சுக்கட்டும்," என்று தம்பி மனைவியின் குரல் கேட்டது.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். தரையில் வைக்கவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அவள் பின்கழுத்தைத் தாங்கி, டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"குடிங்க அண்ணி."

அக்கா கையை எடுக்காமலே குடித்தாள்.